முதல் கோப்பைக்கு வந்தவன்

"உங்களில் யாராவது இசைவிழாவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறீர்களா?" என்று முதியோர் இல்லத்தின் தலைவி பணியாளர் கூட்டத்தில் கேட்டபோது, இளம் பெண்கள் இரண்டு பேர் கை தூக்கினார்கள். கொஞ்சம் பிந்தி, மேசையின் கடைசி மூலையிலிருந்து மூன்றாவது கை ஒன்று மெதுவாக மேலே வந்தது. அது மாக்கிரட்டின் கை.

கேள்வி இவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்த தலைவி, அதையே இன்னொரு தரம் நிறுத்தி நிறுத்தி டெனிஷில் கேட்டாள். மாக்கிரட் கையை இறக்கவில்லை.

"நான்கு நாள்," என்றாள். "றபர் சப்பாத்து, கைப்பட்டி, எல்லாம் போட்டு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாக்கிரட்டுக்கு அறுபது வயது. சில்க்போர்க் நகரில் அந்த இல்லத்தில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், பியரை வாயில் வைத்து அறியாதவள். அவளும் றபர் சப்பாத்தும் பாட்டு விழாவும் எப்படி ஒன்று சேர்ந்தன என்று அவர்கள் யோசித்ததில் பிழையில்லை.

ஆவணி மாதம் இல்லத்தின் தோட்டத்தில், அங்கே இருக்கும் முதியவர்களுக்காக ஒரு நாள் இசைவிழா வைக்கப்போகிறார்கள். மூன்று கூடாரம், ஒரு பாட்டுக்குழு, எல்லோருக்கும் நுழைவு அடையாளமாக மணிக்கட்டில் துணிக் கைப்பட்டி. தலைவிக்கு மாக்கிரட்டின் கை பிடித்துப்போயிற்று. விழாவைத் தொடக்கிவைத்து ஐந்து நிமிடம் உன்னுடைய அந்த நான்கு நாளைப் பற்றிச் சொல் என்று கேட்டு, அங்கேயே அவள் பெயரை எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் மாக்கிரட் கையை இறக்கினாள். இந்த நாட்டில் அவளுக்கு அந்த நான்கு நாளைப் போல மகிழ்ச்சியான நாட்கள் வேறு வாய்க்கவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்காக மகள் கிளோறியா பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். பிள்ளையின் மானத்தை வாங்கிவிட்டு அந்தக் கதையை ஒலிவாங்கியில் சொல்லிச் சிரிக்கிற தாய் எங்கேயாவது உண்டா? பதின்மூன்று வருடமாக அவள் அதைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்காமல் இருந்தது அதனால்தான்.

அந்த வருடம் கிளோறியாவுக்குப் பதினேழு வயது. கோடை விடுமுறையில் ஒரு நாள், வகுப்புப் பிள்ளைகளோடு இசைவிழாவுக்குப் போகவேண்டும் என்று கேட்டாள். கேட்பதற்கு முன்பே மூன்று நியாயங்களைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"எத்தினை நாளாம்?" என்று கேட்டார் தகப்பன் மரியரட்ணம்.

நான்கு நாள் என்றாள்.

"கூடாரம் அடிச்சோ?"

ஓம், காட்டுக்குள், ஏரிக்கரையில்.

"சனம் வருமோ?"

ஆயிரக்கணக்கில் வரும் என்று சொல்லிவிட்டு, இதோடு எல்லாம் முடிந்தது என்று கிளோறியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதுக்கென்ன. நல்ல விசயம்தானே," என்றார் மரியரட்ணம்.

தாயும் தகப்பனும் மன்னார்ப் பக்கத்தவர்கள். மடுக் கோயில் மாதா திருவிழாவுக்கு ஆவணியில் குடும்பம் குடும்பமாகப் போய், காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, நாட்கணக்கில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். காடு, கூடாரம், சனம், பாட்டு, ஆவணி மாதம். இவ்வளவும் பொருந்தி வந்தபிறகு அது வேறு என்னவாக இருக்க முடியும்? எந்தப் புனிதருடைய விழா என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. டெனிஷ்காரர் இப்போது கோயிலை மறந்துவிட்டார்கள், விழாவை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது மரியரட்ணம் தானாகவே கண்டுபிடித்த விளக்கம்.

அப்படிப்பட்ட விழாவுக்குக் குமர்ப்பிள்ளையைத் தனியாக யார் அனுப்புவார்கள்? அவர் வேலைக்குப் போகிற தளபாடத் தொழிற்சாலையில் லீவு எடுத்தார். மாக்கிரட்டும் எடுத்தாள். தங்களுக்கும் இரண்டு ரிக்கெற் எடுத்தார்கள். இதில் மகளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, சொல்லவில்லை.

புறப்படுகிற அன்று காலை கிளோறியா முதுகுப்பையோடு அறையை விட்டு வெளியே வந்தாள். நடையில் அரிசி மூட்டை, பாய்கள், தேங்காய் துருவுகிற துருவலை, கோயில் மண்டபத்தில் இரவல் வாங்கிய பெரிய பானை, காஸ் அடுப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில் புது றபர் சப்பாத்தோடு அம்மா. கிளோறியா அப்படியே படியில் குந்திவிட்டாள். டெனிஷில் 'இல்லை' என்ற ஒரே சொல்லை மூன்று தரம் சொன்னாள். பிறகு பேச்சே இல்லை. காருக்குள்ளும் இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான் இது எந்தப் புனிதருக்கும் எடுக்கிற விழா அல்ல என்பது இருவருக்கும் விளங்கியது. ஆனால் மரியரட்ணம் வந்த இடத்தில் பின்வாங்குகிற மனிதர் இல்லை. மகளின் கூட்டாளிகள் பதினான்கு பேர் கூடாரம் அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே தன் கூடாரத்தையும் இறக்கினார். கிளோறியா கெஞ்சியதில் பத்தடி தள்ளிப்போனார், அவ்வளவுதான்.

அதுவாவது பரவாயில்லை. மஞ்சள் மேலங்கி போட்ட விழாத் தொண்டர் ஒருவர் வந்து, காஸ் அடுப்பைக் கூடாரங்களுக்கு நடுவில் மூட்டக்கூடாது, பிரதான பாதையின் ஓரத்தில் அதற்கென்று கயிறு கட்டிய இடம் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். அப்படியாக மாக்கிரட்டின் குசினி, அந்தக் காட்டில் இருந்த அத்தனை பேரும் கழிவறைக்குப் போகிற வழியில் அமைந்தது. கிளோறியா தன் கூடாரத்துக்குள் போய் சிப்பை இழுத்து மூடினாள்.

அடுத்த நாள் காலை மாக்கிரட் இருபது பேருக்குச் சமைத்தாள். கூடார விழாவில் தனக்கு மட்டும் உலை வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பக்கத்துக் கூடாரத்தவர் வந்து சாப்பிட்டால்தான் சமைத்ததற்கு அர்த்தம். பத்து மணிக்கே சோறும் பருப்பும் முட்டைக் குழம்பும் ஆயத்தம். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தை விட்டு ஊர்ந்து வந்தார்கள். "வாருங்கள், சாப்பிடுங்கள்," என்று தனக்குத் தெரிந்த டெனிஷில் கூப்பிட்டாள். எல்லோரும் அழகாகச் சிரித்தார்கள். நன்றி, வேண்டாம் என்றார்கள். மூன்று கிழமைக்கு முன்பே நாள் குறித்து அழைத்தால் தவிர இன்னொருவர் கோப்பையில் கை வைக்காத நாடு இது.

மாக்கிரட் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். பாதையில் போகிறவர்களைப் பார்த்தாள். சோறு ஆறப்போகிறதே என்று திரும்பவும் திறந்தாள். மரியரட்ணம், "கொஞ்சம் பொறு, பிள்ளையள் வருங்கள்," என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது. மூன்றாம் தரம் திறந்து மூடியபோது அவள் கண் மகளின் கூடாரத்துக்குப் போனது. சிப் திறக்கவில்லை. ஏன் வந்தோம், பிள்ளையை இப்படி வெட்கப்படுத்தவா வந்தோம் என்று நினைத்தாள். மூக்கு அடைத்துக் கண்ணீர் முட்டியது. சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணவனிடம் சொல்ல வாயெடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். நெட்டையாக, கிழிந்த வைக்கோல் தொப்பியோடு, கையில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் சாப்பாட்டுக் கோப்பையோடு. பெயர் ஜோனாஸ், கிளோறியாவின் வகுப்புத்தான். "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று கேட்டான்.

அவள் கொஞ்சமாகவா போடுவாள்? அவன் நின்றபடியே சாப்பிட்டான். முகம் சிவந்தது, மூக்கால் ஓடியது, கண் கலங்கியது. விடாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாக நன்றாக இருக்கிறது என்றான். பிறகு கோப்பையை மறுபடியும் நீட்டினான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர். மத்தியானம் ஆவதற்குள் மரியரட்ணம் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு மணிபோல் கிளோறியாவும் வந்து, அடிச்சோற்றில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம்தான். மறுநாள் காலையும் பிள்ளைகளுக்குத் தலையிடி. இரவில் தொப்பி போடாமல் படுத்துப் பனி தலையில் இறங்கிவிட்டது என்று மாக்கிரட் முடிவுகட்டினாள். பெரிய பானையில் மிளகு, உள்ளி, மல்லி எல்லாம் தட்டிப்போட்டு ரசம் வைத்தாள். கடதாசிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தபடி, தொப்பி போட்டுக்கொண்டு படுக்கவேண்டும் என்று ஒவ்வொருவரையும் ஏசினாள். அவர்களும் பவ்வியமாகத் தலையாட்டினார்கள். பக்கத்து முகாம்களில் இருந்தெல்லாம் பனி பிடித்தவர்கள் வரத் தொடங்கினார்கள். அது எந்தப் பனி என்று மரியரட்ணத்துக்கு முதல் நாளே தெரியும். ரசத்தின் பேர் கெடக்கூடாது என்று பேசாமல் இருந்தார். நான்காம் நாள் காலை, குவிந்து கிடந்த பியர்ப் பேணிகளைப் பார்த்தபோதுதான் அவளுக்கு வெளித்தது. அதற்கும் ஏசினாள். ரசத்தை நிறுத்தவில்லை.

மரியரட்ணம் பிள்ளைகளின் கூடாரங்கள் எல்லாவற்றின் கயிறுகளையும் இழுத்துக் கட்டினார். கீழ்விரிப்புகளை உள்ளே மடித்துவிட்டார். மூன்றாம் நாள் பின்னேரம் மழை அடித்து ஊற்றியபோது அந்தப் பகுதியிலேயே நனையாத முகாம் அதுதான். பிள்ளைகள் ஒரு படுக்கை விரிப்பில் அவளுடைய பெயரைப் பெரிதாக எழுதி நீளத் தடியில் ஏற்றினார்கள். அப்போது நாட்டுக்கு இருந்த அரசியின் பெயரும் அதுதான் என்பதால், அவளை 'மாட்சிமை' என்று கூப்பிட்டுக் கும்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் முதல் ஆள் ஜோனாஸ்.

கடைசி நாள் பின்னேரம் பாயை விரித்துப் புல்மேட்டில் இருந்து பாட்டுக் கேட்டார்கள். ஒரு பெண் பாடினாள். சொல் விளங்கவில்லை, குரல் விளங்கியது. ஒன்பது மணியாகியும் வெயில் போகவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பிள்ளை மாக்கிரட்டின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து வேலை, வீடு, கோயில் என்று இருபது வருடம் ஓடியிருந்தது. ஒரு கூட்டத்துக்கு நடுவில் தானும் அதில் ஒருத்தி என்று அவள் இருந்தது அன்றைக்குத்தான். கடவுளே, நீர் நல்லாயிருக்கவேணும் என்று மனதுக்குள் சொன்னாள். கடவுளை யாரும் அப்படி வாழ்த்துவதில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

கைப்பட்டியைக் கழற்ற அவளுக்கு மனமில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, சுகாதார விதி என்று சொல்லிக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டார்கள். வெட்டிக் கொண்டுவந்து செபப்புத்தகத்துக்குள் வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு எழவேயில்லை. அடுத்த வருடம் கிளோறியா, "இந்த முறை நீங்கள் வரவேண்டாம்," என்று மட்டும் சொன்னாள். இருவரும் சரி என்று தலையாட்டினார்கள். கூடாரம் நிலவறைக்குப் போனது. பிள்ளை அவ்வளவு வெட்கப்பட்டிருக்கிறாள் என்று மாக்கிரட் தனக்குள் முடித்துக்கொண்டாள்.

இன்னொரு குறையும் இருந்தது. ஜோனாஸுக்கு ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அவன் மட்டும் அன்றைக்கு வராவிட்டால் அந்தப் பானையோடு திரும்பியிருப்பார்கள். டெனிஷ்காரர் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறவர்கள். சாப்பாட்டுக்கு ஒன்று, இன்றைய நாளுக்கு ஒன்று. அடுத்த முறை கண்டால் 'தாக் ஃபோ ஸிஸ்ட்' என்பார்கள்; போன முறைக்கு நன்றி என்று அர்த்தம். மாதம் கழித்தும் சொல்லலாம், வருடம் கழித்தும் சொல்லலாம். நம் வீடுகளில் சொந்தப் பிள்ளைக்கோ புருசனுக்கோ நன்றி சொன்னால் என்ன கோபமோ என்று கேட்பார்கள். மாக்கிரட்டும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனாலும் ஜோனாஸுக்காக ஒரு 'தாக் ஃபோ ஸிஸ்ட்'டைப் பத்திரமாக வைத்திருந்தாள். அவன்தான் படிப்பு முடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விட்டானே.

கூட்டம் முடிந்த அன்று பின்னேரமே ஓல்போர்க்குக்கு ரெலிபோன் எடுத்தாள். கிளோறியா அங்கே ஆசுப்பத்திரியில் டொக்டர்.

"பிள்ளை, அந்தக் கூடாரக் கதையை வேலையிடத்தில சொல்லச் சொல்லுகினம். சொல்லட்டே?"

"அது உங்கள் முடிவு, அம்மா," என்றாள் கிளோறியா டெனிஷில். "வார்டுக்குப் போகிறேன், பிறகு எடுக்கிறேன்." பிறகு எடுத்தபோது இருவரும் வேறு ஏதோ கதைத்தார்கள்.

உங்கள் முடிவு என்றால் வேண்டாம் என்று அர்த்தம். தமிழ்த் தாய்மாருக்கு அது விளங்காமலா போகும்? "விடு, தலைவியிட்டை ஏலாதெண்டு சொல்லு," என்றார் மரியரட்ணம். விழாவுக்கு முதல்நாள் காலை, அன்றைக்கே சொல்லிவிடுவதென்று தீர்மானித்துக்கொண்டு மாக்கிரட் வேலைக்குப் போனாள்.

தோட்டத்தில் வைலே நகரிலிருந்து கூடாரக்காரரின் வான் வந்து நின்றது. தாடிக்கார மனிதன் ஒருவன் குந்தியிருந்து முளை அடித்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவன், சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டான்.

"மாட்சிமை!" என்றான்.

மாக்கிரட்டுக்குத் தாடியை அடையாளம் தெரியவில்லை. உயரம் தெரிந்தது. ஓடாத குறையாகப் போய் அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "ஜோனாஸ்," என்றாள். "தாக் ஃபோ ஸிஸ்ட்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பதின்மூன்று வருடம் பிந்திய நன்றியை அவன் இதற்கு முன் கேட்டதில்லையாம்.

அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு காலமும் மனதுக்குள் எழுதி வைத்திருந்த டெனிஷை ஒரே மூச்சில் சொன்னாள். நீ அன்றைக்கு முதல் ஆளாகக் கோப்பையோடு வந்தாய். யாரும் வரவில்லை, நீ வந்தாய். வராவிட்டால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த நான்கு நாளும் எனக்குக் கிடைத்திருக்காது. அதை நான் ஒருநாளும் மறக்கவில்லை.

ஜோனாஸின் சிரிப்பு மெல்ல அடங்கியது. தாடியைச் சொறிந்தான். "கிளோறியா உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டான்.

"எதை?"

"நான் நித்திரையில் இருந்தேன். அவள்தான் தன் கூடாரத்தின் பின்பக்கத்தால் ஊர்ந்து வந்து என்னை உலுப்பி எழுப்பினாள். அழுதுகொண்டிருந்தாள். அந்த நீலக் கோப்பை அவளுடையது. அதை என் கையில் வைத்து, போய்ச் சாப்பிடு, உறைக்கும், உறைத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சத்தமாகச் சொல் என்றாள். அம்மா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறா, என்னால் பார்க்க முடியவில்லை என்றாள்."

"முதல் கோப்பை அவளுக்காகச் சாப்பிட்டது," என்றான் ஜோனாஸ். "இரண்டாவது எனக்காக."

அவள் உள்ளே போனாள். துணிகள் அடுக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு ரெலிபோனை எடுத்தாள். இரண்டு முறை பிழையாக அழுத்தினாள்.

"கிளோறியா," என்றாள். "தாக் ஃபோ ஸிஸ்ட்."

போன கிழமைதானே வீட்டுக்கு வந்தேன், உங்களுக்கு என்ன நடந்தது, சுகமில்லையா என்று கிளோறியா டெனிஷில் பதறினாள்.

"போன கிழமைக்கில்லை, பிள்ளை. ஜோனாஸிட்டைக் கோப்பையைக் குடுத்து விட்டியே, அதுக்கு."

வேலைக்கு நடுவில் கிளோறியா ஒருநாளும் தமிழில் கதைத்ததில்லை. இப்போது கதைத்தாள்.

"மூண்டு தரம் திறந்தனீங்கள், அம்மா," என்றாள். "நான் உள்ளுக்க இருந்து எண்ணினனான்."

மாக்கிரட் முன்னால் இருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு வெக்கமாயிருந்ததோ?"

"ஓம். செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனா நீங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு போயிடுவீங்களோ எண்டு அதைவிடப் பயமாயிருந்தது."

"பிறகேன் அடுத்த வருசம் எங்களை வரவேண்டாமெண்டனீ?"

"அம்மா, எனக்குப் பதினெட்டு வயசு!" என்றாள் கிளோறியா. இருவருக்கும் ஒரேயடியாகச் சிரிப்பு வந்தது. மாக்கிரட்டுக்கு அழுகையும் சேர்ந்து வந்தது.

"உங்கட முடிவு எண்டு சொன்னது சொல்லுங்கோ எண்டுதான். வேண்டாமெண்டு நினைச்சிட்டீங்களோ?"

மாக்கிரட் துவாயை மடித்து வைத்தாள். "நாளைக்குப் பதினொரு மணிக்குக் கதைக்கப்போறன்," என்றாள்.

"நான் லீவு கேட்டுக்கொண்டு வாறன். கோயில் மண்டபத்தில அந்தப் பெரிய பானையைக் கேட்டு எடுங்கோ. சமைக்காம மட்டும் வந்திடாதேங்கோ."

"ஆருக்கெண்டு சமைக்க? கிழடுகள் உறைப்புச் சாப்பிடுங்களோ தெரியேல்லை. ஒருத்தரும் வராட்டி?"

"நீங்கள் சமையுங்கோ, அம்மா," என்றாள் கிளோறியா. "முதல் கோப்பைக்கு நான் வாறன்."